கை எட்டாத தூரம்

என் அப்பாவின் நோய்க்கான முதல் அறிகுறியை நான் மேடையிலிருந்து பார்த்தேன்.

ஆம்பூர் பக்கம் ஒரு கோயில் திருவிழா. எங்கள் இசைக்குழுவில் நான் டிரம்ஸ் வாசிக்கிறேன். கூட்டம் எவ்வளவு பெரிதானாலும் அப்பா நிற்கும் இடம் ஒன்றுதான்: மேடைக்கு இடப்பக்கம், ஆள் உயர சவுண்டு பாக்ஸை ஒட்டி, உள்ளங்கையை அதன்மேல் வைத்தபடி. தோல் பதனிடும் ஷாப்பில், இரைச்சலோடு உருளும் பெரிய மரப் பீப்பாய்களின் பக்கத்திலேயே வேலை பார்த்ததில் அவருக்குக் காது மந்தம். என் வாசிப்பைக் கையால்தான் கேட்பார். அருகில் யார் நின்றாலும், "அடிக்குதே, அது நம்ம பொண்ணு" என்று உரக்கச் சொல்வார்.

அன்று பாட்டின் நடுவே திரும்பியபோது பாக்ஸின்மேல் கை இல்லை. அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார்.

"பசி மயக்கம்மா, வேற ஒண்ணுமில்ல" என்றார். இட்லி வாங்கிக் கொடுத்து அழைத்து வந்தோம்.

அடுத்த வாரம் வேலை செய்யும் இடத்தில் நினைவு தவறி விழுந்தார். கூட வேலை செய்யும் ரஹீம் பாய்தான் வண்டி பிடித்தார். வேலூர் போகும் வழியெல்லாம் அப்பாவின் மணிக்கட்டை நான் பிடித்திருந்தேன். நாங்கள் வாசிக்கும் மிக மெதுவான பாட்டைவிடவும் மெதுவாக இருந்தது நாடி. ஒரு துடிப்பு வரும். பிறகு காத்திருக்க வேண்டும். தாளம் என் தொழில். அந்தக் காத்திருப்பு சரியில்லை என்று யாரும் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

மருத்துவமனையில் இ.சி.ஜி. (இதயத்தின் மின்னோட்டத்தைத் தாளில் கோடாக வரையும் சோதனை) எடுத்தார்கள். அந்தக் கோட்டில் நீண்ட வெறுமைகள் இருந்தன. மருத்துவர் எனக்குப் புரியும்படி சொன்னார்: "இதயத்துல மேல இருந்து உத்தரவு கிளம்புது. கீழ போய்ச் சேரல." இதற்குப் பெயர் இதய மின்தடை. பேஸ்மேக்கர் (இதயம் துடிக்கத் தவறும்போது சிறு மின்தூண்டல் தந்து துடிக்க வைக்கும் கருவி) பொருத்த வேண்டும் என்றார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமையை நான் மறைப்பதில்லை. ஒப்புதல் படிவத்தை நானே படித்து அம்மாவுக்கும் அப்பாவுக்கும் விளக்கினேன். புரியாத சொல் வந்தபோதெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்டேன். நீங்களும் கேளுங்கள். என்னிடம் யாரும் எரிந்து விழவில்லை.

இடது தோள் எலும்புக்குக் கீழே சின்னதாகத் தோலைக் கீறிக் கருவியை வைத்தார்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது நர்ஸ் அம்மா அப்பாவின் காதருகே குனிந்து சொன்னார்: "இடது கையை இப்போதைக்குத் தோளுக்கு மேல தூக்காதீங்க. செல்போன் சட்டைப் பையில வாணாம். பெரிய ஸ்பீக்கர்ல சாஞ்சு நிக்காதீங்க, அதுல காந்தம் இருக்கு."

அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

ரஹீம் பாய் பார்க்க வந்தார். "இன்னா தோஸ்த், பேட்டரி போட்டுகினியாமே? கரண்ட் கட்டானா உன் வீட்டாண்ட வந்துடறேன்" என்றார். அப்பா தையல் இழுக்க இழுக்கச் சிரித்தார்.

அவர் உடம்பு தேறிக்கொண்டே வந்தது. மயக்கம் இல்லை. படி ஏறினார். மறுபடி வேலைக்கும் போனார். ஆனால் என் நிகழ்ச்சிக்கு மட்டும் வரவில்லை. ஒரு நாள் கால் வலி என்றார், ஒரு நாள் ஓவர்டைம் என்றார். "இருக்கட்டும் விடு, மனுஷன் பயந்து போய்ட்டாரு" என்றாள் அம்மா.

எனக்குள்ளும் ஏதோ மாறியிருந்தது. என் தனி வாசிப்பில் ஒரு நிறுத்தம் உண்டு. குழு முழுக்க அமைதியாகும், நான் குச்சியைத் தூக்கியபடி நிற்பேன், பிறகு ஒரே அடி. அந்த இ.சி.ஜி. தாளில் கண்ட வெறுமைகளுக்குப் பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. மௌனம் வந்தாலே கை தானாக எதையாவது போட்டு நிரப்பியது.

"இன்னா பாப்பா, சந்து விடாம ரொப்பிகினே போற?" என்று கீபோர்டு வாசிக்கும் ஸ்டீபன் அண்ணன் கேட்டார்.

மறுபரிசோதனைக்குப் போனோம். கருவி நன்றாக வேலை செய்வதாகச் சொல்லிவிட்டு, வேறு சந்தேகம் உண்டா என்று மருத்துவர் கேட்டார். அப்பா என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்துப் பேசினார்.

"டாக்டர், என் பொண்ணு டிரம்ஸ் அடிக்குது. அது ஸ்பீடா அடிச்சா இந்த மெஷினும் அது பின்னால ஓடிடுமா?"

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. தாளத்துக்கு ஒரு கருவி உள்ளே இருக்கிறது, வெளியே வேறு தாளம் கேட்டால் அது குழம்பிவிடும் என்று இத்தனை நாளும் நினைத்திருக்கிறார். சொன்னால் நான் வாசிக்கத் தயங்குவேன் என்று சொல்லவும் இல்லை.

மருத்துவர் சிரிக்கவில்லை. "அது உங்க இதயத்தை மட்டும்தான் கவனிக்கும் ஐயா. பொண்ணு என்ன வேகத்துல வேணா அடிக்கட்டும். பாக்ஸைத் தொடாதீங்க, அவ்ளோதான். கை எட்டாத தூரத்துல நின்னா போதும்."

அப்பா தன் வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார்.

காதையும் ஒரு நாள் காட்டிவிடலாம் என்றேன். "ஒண்ணு ஒண்ணா மாட்டிகினே போனா நான் மனுஷனா, மெக்கானிக் ஷெட்டா?" என்றார். ஆனாலும் ஜோலார்பேட்டை நிகழ்ச்சிக்கு வருவதாக ஒப்புக்கொண்டார்.

அங்கே மைதானம் நிறைந்திருந்தது. பழக்கத்தில் இடப்பக்கம் பார்த்தேன். பாக்ஸ் மட்டும் நின்றது. அப்பா கூட்டத்தின் கடைசியில், கடலை வண்டி அருகே, ரஹீம் பாயோடு இருந்தார். வெளிச்சத்துக்கு அப்பால் எனக்கு முகம் தெரியவில்லை.

தனி வாசிப்பு வந்தது. நிறுத்தும் இடமும் வந்தது. குச்சியைத் தூக்கினேன். கை பரபரத்தது. கூட்டத்தின் கடைசியில் ஓர் இதயம் தவறாமல் துடித்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். நிரப்பவில்லை. இருந்தேன். பிறகு அடித்தேன்.

திரும்பி வரும்போது வண்டியில், "கேட்டுச்சா பா?" என்றேன்.

"காது இன்னாத்த கேக்கும்? பாத்தேன். பாக்ஸாண்ட நின்னா உன் மூஞ்சி மட்டும்தான் தெரியும். பின்னால போனாதான், யப்பா, எம்மாம் ஜனம்! நீ நிறுத்தின பாரு, கடலை வறுக்கறவன்கூட கரண்டிய நிறுத்திட்டான். அப்பறம் ஒண்ணு போட்ட. அத்தினி தலையும் ஒண்ணா ஆடுச்சு."

"அத்தினி பேர்கிட்டயும் நம்ம பொண்ணு நம்ம பொண்ணுன்னு சொல்லி பேஜார் பண்ணிட்டான்மா" என்றார் ரஹீம் பாய்.

இப்போதும் சில நாள் அப்பாவின் மணிக்கட்டைப் பிடிக்கிறேன். எண்ணுவதில்லை. ஒரு துடிப்பு, ஓர் இடைவெளி, மறுபடி ஒரு துடிப்பு. மேடையில் அந்த நிறுத்தத்தை முன்பைவிடக் கொஞ்சம் நீட்டுகிறேன், கடலை வண்டி வரைக்கும் அது போய்ச் சேரட்டும் என்று.