ஆடியில் திறந்திருக்கும் கடல்

எங்கள் வீட்டு நாட்காட்டியில் கடலுக்கு இடமே இல்லை. வளர்பிறை முகூர்த்தம், தேய்பிறை முகூர்த்தம், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் கல்யாண மேடைகளுக்குப் பூ அலங்காரம் செய்பவர். மதுரைக்குள் யாராவது தாலி கட்டினால் அன்று அவர் எங்கள் திருநகர் வீட்டில் இருக்க மாட்டார். எங்கள் கல்யாண நாளும் வைகாசி முகூர்த்தக் கூட்டத்துக்குள்தான் வரும். வருஷா வருஷம் அன்றைக்கு அவர் வேறு ஏதோ ஒரு மணப்பெண்ணின் தலைக்கு மேல் மல்லிகைச் சரம் கட்டிக்கொண்டிருப்பார். நான் கேசரியைக் கிண்டி மூடி வைத்துவிட்டுத் தூங்கிப்போவேன்.

போன பங்குனியில், மத்தியான வெயிலில், கைபேசியில் அந்தக் காட்சியைப் பார்த்தேன். கண்ணாடி மாட்டி, வாயில் ஒரு குழாயைக் கவ்விக்கொண்டு, கடலின் மேல் குப்புறப் படுத்து மிதக்கிறாள் ஒருத்தி. அவளுக்குக் கீழே பவளப்பாறை. மஞ்சளில், ஊதாவில், பெயர் தெரியாத நிறங்களில் மீன்கள். ஆழத்துக்குப் போகவில்லை, நீச்சல் வித்தை எதுவும் காட்டவில்லை. மூச்சு விடுகிறாள், பார்க்கிறாள். இம்புட்டுதானா, இது எனக்கும் முடியுமே என்று உடம்பெல்லாம் ஒரு பரபரப்பு.

"போகணும்" என்றேன்.

"போவோம்" என்றார். இந்தப் போவோம் எனக்குத் தெரியும். கொடைக்கானலுக்கும் கன்னியாகுமரிக்கும் இதே போவோம்தான்.

"எப்ப?"

"ஆடியில. ஆடியில எவன் கல்யாணம் வைக்கிறான்? ஒரு வாரம் முழுசா ஒனக்கு."

ஒரு வாரம் முழுசாக எனக்கு. அதைப் பிடித்துக்கொண்டேன்.

மழை என்றால் ஐப்பசி என்று பழகிய ஊர்க்காரி நான். ஆடி இங்கே காய்ந்த மாதம். அதனால் உலகமே அப்போது காய்ந்து கிடக்கும் என்று நம்பி லட்சத்தீவை விசாரித்தேன். ஆடியில் அங்கே கடல் கொந்தளிப்பு, மழை முடிந்து வாருங்கள் என்றார்கள். மாலத்தீவு? மழை. அந்தமான்? மழையோ மழை, படகே நின்றாலும் நிற்கும். கடைவீதியில் ஒவ்வொரு கடையாகப் போய், ஒவ்வொன்றிலும் ஷட்டர் இறங்கிக் கிடப்பதைப் பார்த்தது போல இருந்தது.

"அப்ப மார்கழி?" என்றார். அதுவும் கல்யாணம் இல்லாத மாதம். ஆனால் மார்கழிப் பனி என்றால் எனக்கு மூக்கு அடைத்து, காது அடைத்து, தலை பானையாகிவிடும். அந்தத் தலையோடு எந்தத் தண்ணீருக்குள் முகம் வைப்பது? ஆடியை விட்டால் அடுத்த ஆடி. அடுத்த ஆடி வந்தால் அதற்கும் ஒரு போவோம்.

ஆனி பிறந்தது. மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனேன். மேற்கிலிருந்து காற்று, கிளிப்போடு துணியைப் பிடுங்குகிற காற்று. மேகங்கள் கூட்டங்கூட்டமாகத் தலைக்கு மேல் ஓடின, ஒரு சொட்டு விழவில்லை. விழாது. மழையையெல்லாம் மேற்கே மலையில் இறக்கிவிட்டு வெறுங்கையோடு வருகிற காற்று இது. போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். மலைக்கு அந்தப் பக்கம் மழை, இந்தப் பக்கம் மதுரை. அப்படியானால், இதே காற்று போகிற வழியில், நடுவில் மலையும் அதற்குக் கிழக்கே கடலுமாக ஒரு தீவு இருந்தால்?

இருக்கிறது. இலங்கை. அதன் கிழக்குக் கரையில் திருகோணமலை. அதற்குச் சற்று வடக்கே நிலாவெளி, நிலாவெளிக்கு எதிரே, கரையிலிருந்து பார்த்தாலே தெரிகிற புறாத்தீவு, அதைச் சுற்றிப் பவளப்பாறை. துணியைப் படியிலேயே போட்டுவிட்டு ஓடினேன்.

நிலாவெளியில் ஒரு தங்கும் வீட்டின் எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தேன். வீட்டுக்காரப் பெண் எடுத்தாள்.

"ஆடியில அங்க கடல் எப்படிங்க இருக்கும்?"

"ஓம் அக்கா, அப்பதான் வரோணும். கச்சான் காத்து மழையை மலையில விட்டுட்டு வரும். கடல் குளம் மாதிரிக் கிடக்கும். தண்ணிக்குள்ள உங்கட கால் விரலை நீங்களே எண்ணலாம்."

கச்சான். எங்கள் மாடியில் துணி பிடுங்குகிற காற்றுக்கு அங்கே அப்படி ஒரு பெயர்! சமையலறையிலேயே ஒரு சுற்று ஆடினேன். மதுரையில் விமானம் ஏறினால் கொழும்பு, கொழும்பிலிருந்து ரயில். அன்று சாயங்காலமே டிக்கெட் போட்டாயிற்று, அவர் மனசு மாறுவதற்குள்.

எதிர்வீட்டு அக்காவுக்குச் சேதி போய்விட்டது. "ஊரெல்லாம் ஆடி வந்தா புதுப்பொண்ண அம்மா வீட்டுக்கு அனுப்புவாக. நீ என்னடான்னா புருசன இழுத்துக்கிட்டுக் கடலுக்குப் போறேங்கிற!"

"நாங்க பழைய பொண்ணு மாப்பிள்ளதானக்கா."

"ம்ம். பழசுக்குத்தான் ஆட்டம் சாஸ்தி."

மிச்சம் இருந்தது பயிற்சி. வாடிப்பட்டிக்குப் பக்கத்தில், அவருக்குச் சம்பங்கி கொடுக்கும் விவசாயியின் தோட்டத்துக் கிணறு. கண்ணாடியும் குழாயும் இரண்டு பேருக்கும் வாங்கியாயிற்று. வீட்டுக்காரர் நீந்துவார். எனக்கு மிதவைச் சட்டை, இடுப்பில் கயிறு. மறுமுனை மேலே விவசாயியின் கையில்.

"பயப்படாதீகக்கா, மாடு கட்டுற கயிறு. அறாது."

"மாட்டுக்குச் சரி, எனக்குத் தாங்குமா?"

தண்ணீருக்குள் முகத்தை வைத்தேன். முதலில் வந்தது சத்தம். என் மூச்சின் சத்தம். இத்தனை வயசில் அதை இவ்வளவு கிட்டத்தில் கேட்டதில்லை. அப்புறம் பச்சை. வெயில் சாய்வாக இறங்க, கற்படிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருட்டுக்குள் போயின. ஒரு ஜிலேபிக் கெண்டை வந்து கண்ணாடிக்கு நேராக நின்று என்னைப் பார்த்தது. கிணற்றுக்கே இப்படியென்றால்!

நிமிர்ந்தபோது மேல்படியில் இருந்த அவருடைய போன் அடித்தது. விவசாயி ஸ்பீக்கரில் போட்டார். பழைய மதுரைக்குள் துணிக்கடை வைத்திருக்கும் பாய். வீட்டுக்காரரும் பாயும் மாமன் மாப்பிள்ளை என்றுதான் பேசிக்கொள்வார்கள்.

"மாப்ள, கடைக்குட்டிக்கும் நிக்காஹ் முடிவாயிருச்சு. எங்களுக்கு ஏது ஆடி? மண்டபம் எல்லாம் சும்மா கெடக்கு, ஒங்க பதினெட்டாம் பெருக்குக்கு மறுநாளப் புடிச்சிட்டேன். மூத்தவளுக ரெண்டு பேருக்கும் நீதான் மேடை. இவளுக்கும் நீதான்."

அன்றைக்கு நாங்கள் புறாத்தீவில் இருக்க வேண்டும். அவர் எந்தக் கல்யாணத்துக்கும் முடியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. கழுத்தளவு தண்ணீரில் நின்றார். நான் இடுப்புக் கயிற்றை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"மாமா, அன்னைக்கு நான் ஊர்ல இல்ல."

"வெளியூர் மேடையா? ஆடியில எவன்யா கல்யாணம் வச்சிருக்கான்?"

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நாந்தான் மாமா."

"அடப்பாவி! யாரோட?"

"பழைய பொண்ணோடதான். கடலுக்குள்ள."

போனுக்குள் பாய் சிரித்த சிரிப்பு கிணற்றுச் சுவரில் மோதிச் சுற்றி வந்தது. "சரி போ. மேடைய வரைஞ்சு குடுத்துட்டுப் போ, ஒன் ஆளுக கட்டட்டும். தங்கச்சி, கேக்குதா? அங்கயும் பூ மாதிரி என்னமோ மொளைச்சிருக்குமாமே. இவன் நின்னு சரம் கட்ட ஆரம்பிச்சிருவான். புடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிருங்க!"

"இழுத்துட்டுப் போறேண்ணே!" என்று கத்தினேன்.

அவர் குழாயைக் கவ்விக்கொண்டு மறுபடி குப்புற விழுந்தார். பக்கத்திலேயே நானும் முகத்தை வைத்தேன். சிரிப்பை அடக்க முடியவில்லை, கன்னம் விரிந்து கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. சிரித்தால் கண்ணாடி ஒழுகும் என்று எந்தக் காட்சியிலும் சொல்லவில்லை. ஆடி பிறப்பதற்குள் சிரிக்காமல் மிதக்கப் பழக வேண்டும்.