மதகடியில் இரண்டு கோடு

இன்று காலை ஒரு மெசேஜ் பார்த்தேன். பார்த்ததிலிருந்து போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

கம்பஸ் லீவுக்கு வந்து, மன்னார் உப்புக்குளத்து வீட்டிலிருந்தே ஓப்பன் சோர்ஸ் வேலை செய்கிறேன். பள்ளிக்கூடங்கள் இலவசமாகப் பாவிக்கிற ஒரு வெப் மென்பொருள். பல நாட்டுக்காரர் சேர்ந்து எழுதுவது. எனக்கு வழிகாட்ட வெளிநாட்டில் ஒரு மென்டர் இருக்கிறார்.

கிழமைக்கு ஒரு மீட்டிங், மத்தியானம் இரண்டு மணிக்கு.

(மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டவன் அந்த நேரம் என்ன செய்வான் என்று உங்களுக்கே தெரியும்.)

மூன்று கிழமை தொடர்ந்து நித்திரையாகிவிட்டேன். மென்டர் காரணம் கேட்டார். "நான் இருப்பது ஒரு தீவு. இங்கே சிக்னல் கிடைப்பதே கஷ்டம்" என்று எழுதினேன்.

அதில் தீவு மட்டும்தான் உண்மை. எங்கள் வீட்டில் ஃபைபர் இருக்கிறது. ரவுட்டர் என் கட்டிலுக்கு மேலேயே பூட்டியிருக்கிறது.

திட்டுவார் என்று பார்த்தால், மன்னிப்புக் கேட்டார். "இதை நாங்கள் முன்பே யோசித்திருக்க வேண்டும்" என்றார். பிறகு இரண்டு கிழமை இருந்து, மெதுவான இணைப்பிலும் திறக்கும்படி எல்லாப் பக்கங்களையும் மாற்றி எழுதினார். புதிய பதிப்பின் குறிப்பில் 'மன்னார் தீவு மாணவர்' என்று என் பெயரைப் போட்டு நன்றியும் சொன்னார்.

நான் அதற்கு ஒரு ஹார்ட் போட்டேன். வெட்கம் கெட்டவன்.

காலையில் பார்த்த மெசேஜ், தீவுக்கு வெளியே பாப்பாமோட்டை என்ற ஊரிலிருந்து. அதே மென்பொருளைத் தமிழில் மொழிபெயர்க்கிற ஒரு தங்கச்சி. முன்பின் பேசியதில்லை.

"அண்ணா, உங்கட பேரைப் பாத்தனான். நானும் மன்னார்தான். எங்கட வீட்டுக்குள்ள சிக்னல் இல்லை, ரோட்டு மதகில இருந்துதான் வேலை செய்யிறனான். முந்தி அந்தப் பேஜ் திறக்கிறதுக்குள்ள சார்ஜ் முடிஞ்சிடும். இப்ப டக்கெண்டு வருது. நீங்கள் சொன்னதாலதான் அண்ணா."

அதோடு விட்டிருக்கலாம்.

"உங்களுக்கும் கஷ்டமெண்டா இந்த மதகடிக்கு வாங்கோ. நாலு மணிக்குப் பிறகு சிக்னல் ரெண்டு கோடு வரும். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ, கனபேர் வந்தா ஸ்லோவாயிடும்."

தனக்குக் கிடைக்கிற இரண்டு கோட்டில் எனக்கும் பங்கு தருகிறாள். கூனிக் குறுகிப் போனேன்.

(எந்த மதகு என்று கேட்காதீர்கள். அதையாவது காப்பாற்றுகிறேன்.)

மென்டருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். பதில் வந்தது. "கோபமாகத்தான் இருக்கிறது. செய்த வேலை அப்படியே இருக்கட்டும், அது தேவையானது. உன் பெயரை எடுத்துவிடுகிறேன். யாருடைய பெயரைப் போடுவது?"

யாருடைய பெயர் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவளைக் கேட்காமல் கொடுக்க முடியாது. கேட்பதென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். ஏழு தடவை எழுதி ஏழு தடவையும் அழித்தேன். அழிக்க முடியாதபடி இருக்கட்டும் என்றுதான் இங்கே உங்கள் எல்லாருக்கும் முன்னால் எழுதுகிறேன். இந்தப் பதிவைப் போட்டவுடன் லிங்கை அவளுக்கு அனுப்புவேன்.

இப்போது மூன்றரை மணி. நாலு மணிக்கு அவள் மதகடிக்கு வருவாள். இரண்டு கோடு வரும். இது டக்கென்று திறக்கும்.

அதுவரைக்கும் யாராவது என்னோடு கதைத்துக்கொண்டிருப்பீர்களா?