கமலா கல்யாணத்துக்கு மிஞ்சிய ஒரே ஃபிலிம்

மழை ஈரத்தில் அட்டை ஊறிய வாசம்... அந்தப் பெட்டி கேமராவை நினைத்தால் முதலில் அதுதான் வருகிறது.

தொண்ணூறுகளில் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் நானும் கமலாவும் ஒரே ஷிப்ட். ஜொகூர் பாருவில் பழைய சாமான் விற்பவரிடம் அந்தக் கேமராவை மலிவாக வாங்கியிருந்தேன். கறுப்பு அட்டைப் பெட்டி, முன்னால் ஒரு கண். வெயில் இருந்தால்தான் ஒழுங்காகப் படம் விழும்.

பெக்கோக் ஊர்க் கோயிலில் கமலாவுக்குக் கல்யாணம். அவளே தேடிக்கொண்ட மாப்பிள்ளை. அந்தக் கோபத்தில் பல மாதமாக அவளோடு பேசாத அவள் அப்பா, தன் ஊரான பாலோவிலிருந்து வந்து தூணோரம் கைகட்டி நின்றார். அவ்வளவுதான்.

முகூர்த்தம் நெருங்கும்போது செய்தி வந்தது. ரோட்டில் வெள்ளம்... போட்டோ எடுப்பவரின் கார் வராது.

"அலமாக்! உன் பெட்டிய எடுடி," என்றாள் கமலா, மணவறையிலிருந்தே.

"உள்ள இருட்டா இருக்கு லா. விழாது."

"ஒண்ணே ஒண்ணு போதும்டி." அவள் கண் தூணோரம் போய்த் திரும்பியது.

ஃபிலிமில் மிச்சமும் ஒன்றுதான்.

ஒரே வழி, ஷட்டரைக் கொஞ்ச நேரம் திறந்தே வைக்கவேண்டும். அதுவரை யாரும் அசையக்கூடாது. ஓர் அண்டாவைக் கவிழ்த்து அதன்மேல் கேமராவை வைத்தேன்.

"ஐயரே, தாலி கட்டுறப்ப கொஞ்சம் அப்படியே நிக்கணும்."

"நேரம் போவுதும்மா!"

"அஞ்சு எண்ணுற வரைக்கும்தான். யாரும் ஆடாதீங்க, மூச்சுகூட விடாதீங்க!"

கெட்டிமேளம் முழங்கியது. மாப்பிள்ளையின் கை முடிச்சோடு நின்றது. அட்சதைக் கைகள் அந்தரத்தில் நின்றன. எண்ணி முடித்து ஷட்டரை மூடினேன். விழுந்ததா, இல்லையா... கடவுளுக்குத்தான் தெரியும்.

கடையில் ஃபிலிமைக் கழுவித் தர ஒரு வாரம் ஆனது.

படம் விழுந்திருந்தது! எல்லாரும் சிலை மாதிரித் தெளிவு. தூணோரம் மட்டும் கலங்கல். அப்பாவின் கை மேலே எழும்பி, புகைபோல முகத்தை மறைத்து... துண்டின் நுனி கண்ணருகே.

கமலா நெடுநேரம் பார்த்தாள்.

"இத்தன பேரும் ஆடாம நின்னாங்க... எங்கப்பாவால முடியல பாத்தியா," என்றாள். அன்று மாலையே பாலோவுக்கு பஸ் ஏறினாள். வாசலில் நின்றவளிடம் அப்பா "சாப்பிட்டியாமா?" என்று கேட்டாராம்.

போன மாதம் அவள் மகளுக்குக் கல்யாணம். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் போன் நிறையப் படங்கள் வந்துவிட்டன. எல்லாமே பளிச். பஸ்ஸில் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தேன்...

எதிலும் நிற்கத் தோன்றவில்லை.