மாமனாருக்கு அறுத்த நாற்காலி

எனக்குப் பொறுமை கிடையாது. அடுப்பில் கிழங்கு வேகும்வரை அதன் முன் உட்கார்ந்திருக்க மாட்டேன். அதற்குள் இரண்டு தடவை பீலிக்குப் போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்துவிடுவேன். கொஸ்லந்தையில் பிறந்து மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முதல் மாதமே, "இவளுக்குக் கால்ல சக்கரம் கட்டித்தான் அனுப்பியிருக்காங்க" என்று லயத்து வரிசை வீடுகளில் பேசிக்கொண்டார்கள். அதனால்தானோ என்னவோ, மாமனார் சாப்பாட்டைக் குறைத்தபோது மற்றவர்களுக்குக் கண் கலங்கியது, எனக்கு எரிச்சல் வந்தது.

எழுபதுகளில் இலங்கையே மாவுக்கும் அரிசிக்கும் ஆலாய்ப் பறந்த காலம் அது. கூப்பனுக்குக் கிடைக்கிற மாவு வாரக் கடைசிவரை வராது. மரவள்ளியும் கீரையும் வெறும் தேயிலைச் சாயத்தண்ணியுமாக நாளை ஓட்டினோம். மாமா கவ்வாத்து வெட்டியவர். நாற்பது வருடம் மலைச் சரிவில் நின்று தேயிலைச் செடியை வெட்டி வெட்டி, இரண்டு முழங்காலும் போய்விட்டன. விரல்கள் கத்திப் பிடியைப் பிடித்த வாக்கிலேயே வளைந்து நின்றுவிட்டன. வேலைப் பதிவில் பேர் வெட்டி வீட்டில் உட்கார்த்திவிட்டார்கள். அவர் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துப் பேத்திகள் இரண்டு பேருக்கும் போடுவார். பிறகு முக்கால்வாசியைப் போட்டார். "பேத்திகளுக்காக வயித்தக் கட்டுறாரு, தெய்வம்" என்று பக்கத்துக் காம்பராக்காரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். என் வீட்டுக்காரரும் அப்படித்தான் நம்பினார்.

நானும் நம்பத்தான் பார்த்தேன். ஆனால் ரொட்டியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறவர் சாயத்தண்ணியையும் ஏன் வேண்டாம் என்கிறார்? எங்களிடம் தட்டுப்பாடில்லாமல் இருந்தது அது ஒன்றுதான். அதை மிச்சம் பிடித்து யாருக்குக் கொடுக்கப் போகிறார்? மலையில் கொழுந்து எடுக்கும்போதெல்லாம் இதுவே மண்டைக்குள் ஓடியது.

கேட்டுவிடலாம் என்றால் முடியாது. மாமனாரிடம் மருமகள் நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. பத்தடிக் காம்பரா ஒன்றில் அவர், நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர். மூச்சு விட்டால் கேட்கும். அதனாலேயே மரியாதைக்கு அவ்வளவு கண்டிப்பு. அவர் உள்ளே வந்தால் நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன். "தாத்தாவச் சாப்பிடச் சொல்லு" என்று மகளிடம் சொல்வேன், அவரும் மகளிடமே பதில் சொல்வார். எனக்கும் அவருக்கும் நடுவே கை நீட்டினால் தொடுகிற தூரம்தான்.

ஆவணியில் அவர் இஸ்தோப்புத் திண்ணையில் மயங்கி விழுந்தார். நானும் என் வீட்டுக்காரரும் தோட்டத்து டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே இருந்தவர் யாழ்ப்பாணத்துப் பெரியவர், மருந்து கொடுக்கிறவர். நாடியைப் பிடித்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, கிழவருக்குச் சாப்பாடு குடுக்கிறனீங்களோ? தண்ணி கூடக் குடிக்கிறேல்லை போல கிடக்கு. இப்பிடியே விட்டால் தை மாசம் காணமாட்டார்."

எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தேன். கட்டின புருஷன் வாயைத் திறந்து "இவ குடுக்கத்தான் செய்றா" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமனாரைப் பட்டினி போட்டவள் என்ற பேர் எனக்கு வரப்போகிறது, அவரும் போய்விடப் போகிறார். இரண்டில் எது அதிகம் உறுத்தியது என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

விடை அடுத்த வாரம் ஒரு விடியலில் கிடைத்தது. லயத்துக்குப் பின்னால் ஆறு கக்கூஸ்கள் வரிசையாக இருந்தன. நாலுக்குக் கதவு கிடையாது. ஆம்பிளைகள் பெரும்பாலும் தேயிலைக்குள்தான் ஒதுங்குவார்கள். நான் குடத்தோடு பீலிக்கு இறங்கினேன். கீழே செடிகளுக்கு நடுவில் மாமாவின் தலைப்பாகை தெரிந்தது. குந்தியிருந்தவர் எழுந்திருக்கப் பார்க்கிறார். ஒரு தேயிலைத் தூரைப் பிடித்து உன்னுகிறார், பாதி எழும்பி மறுபடி விழுகிறார். மூன்று தடவை. நாலாவது தடவை உன்னாமல் தூரில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

நான் கிட்டப் போக முடியாது. பார்த்தேன் என்று தெரிந்தாலே அந்த மனுஷன் உயிரை விட்டுவிடுவார். குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"இந்தாங்க, ஆடு அவுத்துக்கிட்டு பீலிப் பக்கம் தேயிலைக்குள்ள ஓடிருச்சு. போய்ப் பாருங்க!"

என் வீட்டுக்காரர் எழுந்து வந்து, "ஆடு இங்கதானடி கட்டியிருக்கு" என்றார். ஆடும் பின்னாலிருந்து கத்தியது.

"போய்ப் பாருங்கன்னா போய்ப் பாருங்க!"

என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் என் பக்கம் திரும்பவில்லை. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உள்ளே போனால் வெளியே போக வேண்டும். வெளியே போனால் எழுந்திருக்க முடியாது. அதனால் உள்ளே போகிறதையே நிறுத்திவிட்டார். ரொட்டியைப் பேத்திகளுக்குக் கொடுத்தது பாசம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முழங்கால்தான் அந்தப் பாசத்துக்கு வழி காட்டியிருக்கிறது.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்து போகிறதற்கு ஒரு ஏற்பாடு வேண்டும். பங்களாவில் துரைக்கு அப்படி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். தோட்டத்து ஆபீசின் பின்பக்கம் குப்பையில் ஒரு நாற்காலி கிடந்தது. உயரமான மேசையில் கணக்கெழுதுகிறவர்கள் உட்காருகிற உசரமான நாற்காலி. பிரம்புப் பின்னல் நடுவில் கிழிந்து ஓட்டையாகியிருந்தது. எனக்கு வேண்டியதே அந்த ஓட்டைதான். கேட்டேன், எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தபோது பக்கத்துக் காம்பராக்காரி வாசலில் நின்றாள்.

"என்னடி, ஒம் மாமனாருக்குப் பட்டாபிஷேகமா?"

வாழ்ந்தாலும் ஏசும் தாழ்ந்தாலும் ஏசும் வாய் அது. நான் நிற்கவில்லை. யாரும் போகாத கடைசிக் கக்கூஸைக் கழுவி, வாசலுக்குச் சாக்குக் கட்டி, குழிக்கு மேலே நாற்காலியை வைத்தேன். அடியும் மேலும் வெட்டிய மண்ணெண்ணெய்த் தகரத்தை அதன் கீழே சொருகினேன். பிரம்பு குத்தாமல் இருக்கத் துணியைச் சுற்றினேன்.

மாமா போனார். போன சூட்டில் திரும்பி வந்தார். மறுநாளும் அப்படியே. என்ன என்று கேட்கச் சொல்லி வீட்டுக்காரரை நச்சரித்தேன். அவர் வெட்கப்பட்டு வெட்கப்பட்டு மூன்றாம் நாள்தான் கேட்டார்.

"காலு எட்டலயாம். அந்தரத்துல தொங்குனா எப்படி வரும்ங்குறாரு. ஒனக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்?"

இதற்குள் மாமாவின் கன்னம் இன்னும் ஒட்டிப்போயிருந்தது. தச்சு வேலைக்காரரிடம் ரம்பம் இரவல் வாங்கி, அன்று சாயந்தரமே நாலு காலையும் அறுத்தேன். அளவு? நான் உட்கார்ந்து பார்த்தேன், பாதம் தரையில் பதிந்தது, சரி என்றேன். அவசரக்காரிக்குப் புத்தி மட்டு. மாமா குள்ளம்தான், ஆனால் நான் அவரைவிடக் குள்ளம். மறுநாள் அவர் உட்கார்ந்தார், எல்லாம் ஆயிற்று, எழுந்திருக்க முடியவில்லை. மகனைக் கூப்பிட்டுக் கத்தினார். லயமே திரும்பிப் பார்த்தது. "பெரிய தொரை கூப்புடுறாரு" என்று எவனோ சொல்ல, சிரிப்புச் சத்தம் கேட்டது. அன்று முழுக்க மாமா பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அழுததில் பாதி அவருக்காக, பாதி அறுத்த காலை ஒட்ட முடியாதே என்று. என் அவசரம் அவரைக் கொன்றுவிடும் போலிருந்தது.

பிறகுதான் செய்ய வேண்டியதைச் செய்தேன்: அவரைப் பார்த்தேன். அதுவரை நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குட்டி போட்ட பூனை மாதிரி காம்பராவுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே, ஓரக்கண்ணால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூராவும் பார்த்தேன். இஸ்தோப்பில் இருந்து தனியாக எழும்ப அவரால் முடியவில்லை. கட்டில் பலகையில் இருந்தும் முடியவில்லை. ஆனால் பீலிக்கரையில் துணி துவைக்கிற கல் ஒன்று உண்டு. வெயிலுக்கு அதில் போய் உட்காருவார். அதிலிருந்து மட்டும் யாரையும் கூப்பிடாமல் எழுந்தார். எழும்பும்போது கையை இரண்டு பக்கமும் ஊன்றவில்லை. முன்னால் இருந்த பீலிக் கம்பத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு எழுந்தார். சரிவில் செடியைப் பிடித்து ஏறியே பழகிய உடம்பு, ஊன்றத் தெரியாது, இழுக்கத்தான் தெரியும்.

அவர் போனதும், கொழுந்து மட்டம் பார்க்கிற என் மட்டக்கம்பை எடுத்துப்போய் அந்தக் கல்லின் பக்கத்தில் நட்டு வைத்து, கல்லின் உயரத்துக்குக் கத்தியால் ஒரு வெட்டு வெட்டினேன். கம்பத்துக்கும் கல்லுக்கும் உள்ள தூரத்துக்கு இன்னொரு வெட்டு.

"கல்லுக்கும் மட்டம் பாக்க ஆரம்பிச்சிட்டியா?" என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி.

"ஆமா, ஒம் வாய்க்கும் பாக்கணும், நீளத்த" என்றேன்.

நாற்காலிக் காலுக்கு அடியில் சவுக்குக் கட்டைகளை வைத்து ஆணியடித்து, மட்டக்கம்பின் வெட்டு வரைக்கும் உயர்த்தினேன். கக்கூசுக்குள் நாற்காலிக்கு முன்னால், இரண்டாவது வெட்டின் தூரத்தில், ஒரு கொய்யாக் கம்பை ஊன்றி மண்ணை இறுக்கினேன். அவர் விரல் முழுக்க மூடாது. அதனால் கை படுகிற இடத்தில் சாக்குத் துண்டைப் பருமனாகச் சுற்றிக் கட்டினேன். வாளியை அவரால் தூக்க முடியாது. பால் மாவு டின்னுக்குக் கம்பி மாட்டி, நாலு விரலும் ஒன்றாக நுழைகிற மாதிரி வளைத்து, அவர் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு பெட்டி மேல் வைத்தேன். ஒவ்வொன்றையும் வைத்துவிட்டு நானே விரலை மடக்கி, முழங்காலை மடக்காமல், கிழவனாக நடித்துப் பார்த்தேன். அந்த நேரத்தில் யாராவது சாக்கை விலக்கியிருந்தால் எனக்குப் பேய் பிடித்தது என்று பூசாரியைக் கூப்பிட்டிருப்பார்கள்.

"இன்னொரு தடவ போய்ப் பாக்கச் சொல்லுங்க" என்று வீட்டுக்காரரிடம் கெஞ்சினேன். இரண்டு நாள் மாமா அசையவில்லை. மூன்றாம் நாள் காலை, நான் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, அவராகவே லயத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனார். நான் இடுப்பில் சாக்குப் படங்கைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக நின்றேன். கங்காணி சத்தம் போட்டார், நான் நகரவில்லை. வெகுநேரம் கழித்து மாமா வந்தார், தனியாக, தலைப்பாகையைச் சரி செய்துகொண்டே. மகளைக் கூப்பிட்டு, "சாயத்தண்ணி இருந்தா கொண்டா" என்றார்.

அந்த வாரமே முக்கால் ரொட்டி சாப்பிட்டார். அடுத்த வாரம் முழு ரொட்டி. பேத்திகளுக்குப் பிய்த்துப் போடுவது நின்றது. டிஸ்பென்சரிக்காரர் வழியில் பார்த்து, "இப்ப பரவாயில்லை, பிள்ளை" என்றார். பக்கத்துக் காம்பராக்காரி தன் மாமியாரை ஒரு நாள் கூட்டிக்கொண்டு வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டே, "இவங்களும் ஒரு தடவ போகட்டுமா?" என்றாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். சரி என்றேன்.

பிறகு ஒரு நாள் காலை. அந்த வாரம் கடையில் மாவு வரவில்லை. இருந்ததைப் பிசைந்து ஆளுக்கு ஒரு ரொட்டி தட்டியிருந்தேன். தோசைக்கல்லில் கிடந்த கடைசி ரொட்டி என்னுடையது. அதைத் தின்றுவிட்டு மலையேற வேண்டும். இனி சாயந்தரம்தான் அடுப்பு. மாமா தன் ரொட்டியை முடித்தார். மகளைக் கூப்பிடவில்லை. தட்டை என் பக்கம் நீட்டி, என்னைப் பார்த்துச் சொன்னார்.

"இன்னொண்ணு இருந்தா போடும்மா. பசிக்குது."

ஒன்பது வருடத்தில் என்னிடம் அவர் நேராகப் பேசிய முதல் பேச்சு. சந்தோஷம் வந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். வந்தது கோபம். முன்னே மாதிரியே இந்த மனுஷன் சாப்பிடாமல் இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று நினைக்கும்போதே எனக்குத் தெரியும். அவரை உயிரோடு வைத்திருக்க அவ்வளவு பாடுபட்டவளும் அதே நான்தான். ரொட்டியை எடுத்து அவர் தட்டில் போட்டேன். போட்டேன் என்பதைவிட எறிந்தேன் என்பதுதான் சரி. வெறும் சாயத்தண்ணியைக் குடித்துவிட்டு மலைக்குப் போனேன். முதல் நிறைக் கொழுந்தை எடுத்து முடிப்பதற்குள் தலை சுற்றியது.

அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தார். மாவு தாராளமாகக் கிடைத்த காலம் வந்தபோதும், அவருக்கு முதலில் போட்டு, அவர் கை கழுவிய பிறகுதான் நான் சாப்பிட்டேன். மாமனார் மேல இவளுக்கு என்ன பாசம் என்று பக்கத்துக் காம்பராக்காரி அதையும் ஊரெல்லாம் சொன்னாள். நான் மறுத்துப் பேசவில்லை. "இன்னொண்ணு போடவான்னு தாத்தாகிட்ட கேளு" என்று தினமும் மகளிடம் சொல்வேன். "போதும்னு சொல்லு" என்பார். அவராக இரண்டாவது ரொட்டியை அதற்குப் பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை. அன்றைக்கு என்னை நேராகப் பார்த்துத்தானே கேட்டார். என் முகத்தையும் பார்த்திருப்பார்.