ஆரோக்கியம்மாளின் இரண்டு டிக்

“டெல்லுன்னா என்னப்பா?”

டிக்கெட் கவுண்டரின் கம்பியில் முகத்தை ஒட்டிக்கொண்டு ஆரோக்கியம்மாள் கேட்டாள். பழனி வண்டி போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. கூட்டம் இல்லாத நேரம் பார்த்துத்தான் அவள் திண்டுக்கல் ரயிலடிக்கு வருவாள்.

“சொல்லுன்னு அர்த்தம்,” என்றார் டிக்கெட் கொடுக்கும் சடையாண்டி. “ஏத்தா, பேகம்பூர்ல அந்தத் தையக்காரப் பிள்ளைகிட்ட இதைக் கேட்டுட்டுத்தானே வார? பெறகு என்னைய எதுக்குச் சோதிக்கிற?”

“அவ சொன்னதும் நீ சொன்னதும் ஒண்ணா இருக்கான்னு பாக்க வேணாமா?”

மடியிலிருந்து நாற்பது பக்க நோட்டை எடுத்தாள். இங்கிலீஷ் சொல், தமிழ் அர்த்தம், அதற்குப் பக்கத்தில் டிக் போடும் இடம் என்று மூன்று பத்தி. எட்டாவது வரை படித்த அந்தத் தையல்காரப் பெண் நசீம் பானு சொன்னால் ஒரு டிக். சடையாண்டியும் அதையே சொன்னால் இரண்டாவது. 1958 ஆகஸ்டு முதல் டிசம்பர் முடிய நோட்டில் ஏறிய சொற்கள் 214. ஒற்றை டிக்கோடு நின்றுவிட்டவை பதினொன்று. அந்தப் பதினொன்றையும் அவள் வாயால் சொன்னதில்லை.

‘த’ என்ற இங்கிலீஷ் சொல்லுக்குத் தனியாக அர்த்தம் கிடையாது என்று இருவருமே சொன்னார்கள். அதை மட்டும் அவள் ஒப்புக்கொள்ளவில்லை. “அர்த்தமில்லாத வார்த்தைய எவனாச்சும் வச்சிருப்பானா? ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டுச் சொல்றீக.”

அவளுக்கு வெங்காயப் பேட்டையில் தரம் பிரிக்கும் வேலை. மூட்டையைக் கொட்டியதும் ஒவ்வொரு வெங்காயத்தின் கழுத்தையும் கட்டைவிரலால் அமுக்குவாள். அழுகல் அங்கேதான் தொடங்கும். வீட்டிலும் அந்த விரல் ஓயாது. பால்காரர் செம்பைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் கறக்க வேண்டும். கதவில் தொங்கும் பூட்டு அவள் கணவர் அருளப்பன் தன் கையால் அரத்தால் ராவிச் செய்தது. அதையும் மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாள்.

நாற்பத்திரண்டு வயதில் அவளை இங்கிலீஷ் படிக்க வைத்தது அருளப்பனின் வயிறு. அந்த ஆண்டு ஜூலையில் வீங்கத் தொடங்கியது. ஆகஸ்டில் அவர் பூட்டுப் பட்டறைக்குப் போவதை நிறுத்தினார். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளிடம், “சரியாயிடும்மா” என்பார். பிறகு நர்ஸ் பக்கம் திரும்பி இங்கிலீஷில் நீளமாகப் பேசுவார்.

“எங்கிட்டத் தமிழ்ல ஒரு வரி. அந்தப் பொண்ணுகிட்ட இங்கிலீசுல ஒம்பது வரி,” என்று அவள் பேட்டையில் சொன்னாள். “மிச்சம் எட்டு வரியில என்னத்த ஒளிச்சு வச்சிருக்காரு?”

பஸ் ஸ்டாண்டுப் பழைய புத்தகக் கடையில் தானே ஆங்கிலம் படிக்க ஒரு புத்தகம் வாங்கினாள். வீட்டுக்கு வந்து பக்கங்களை எண்ணியபோது 41, 42 இல்லை. முகப்பில் இருந்த பட்டியலைப் பார்த்தாள். கிழிந்துபோனது ‘வியாதிகளின் பெயர்கள்’. கடைக்காரனுக்கும் டாக்டருக்கும் என்ன உறவு என்று இரண்டு வாரம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

கயிற்றுக் கட்டிலில் கிடக்கும் அருளப்பனுக்கு அந்த நோட்டுத்தான் பொழுதுபோக்கு. இங்கிலீஷ் எழுத்து தெரியாது. அர்த்தத்தையும் டிக்கையும் மட்டும் பார்ப்பார். “ஒத்த டிக்கு வதந்தி. ரெட்டை டிக்குன்னா வேதம்,” என்று சொல்லிச் சிரிப்பார்.

1959 ஜனவரி 9, வெள்ளிக்கிழமை. மருந்து வாங்க அவள் தனியாகப் போயிருந்தாள். மதுரையிலிருந்து வந்த பரிசோதனைக் காகிதத்தை டாக்டர் இரண்டு தடவை படித்தார்.

“பயப்பட ஒண்ணுமில்லம்மா. மருந்தை விடாம குடுங்க.”

பிறகு நர்ஸிடம் தாழ்ந்த குரலில் வெகுநேரம் பேசினார். வழக்கம்போல ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் ஒரு விரலை உயர்த்தி, நிறுத்தி, அழுத்திச் சொன்னார்:

“டோன்ட் டெல் த ஒய்ஃப்.”

உறவு முறைகள் நான்காம் பாடம். ‘செய்யாதே, போகாதே’ ஆறாம் பாடம். ‘டெல்’லுக்கு இரண்டு டிக் இருந்தது. பெண்சாதியிடம் சொல்லாதே. ஐந்து மாதத்தில் அவளுக்கு முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை புரிந்த வாக்கியம் அதுதான்.

மருந்துப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள். பேகம்பூரில் நசீம் பானு தையல் மிஷினை நிறுத்திவிட்டு, “என்னக்கா, இன்னைக்கு வார்த்தை ஒண்ணும் இல்லையா?” என்று கேட்டாள்.

“இல்லத்தா.”

ரயிலடிப் பக்கம் அவள் போகவே இல்லை.

வீடு வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அருளப்பன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். “என்ன சொன்னாரு?”

“பயமில்லேன்னாரு.”

“அது தமிழ்ல. இங்கிலீசுல?”

அவள் மருந்துப் பாட்டிலை மாடத்தில் வைத்தாள். “புரிஞ்சுச்சு. முழுசா.”

“அடியாத்தி, முழுசாவா? எழுது, எழுது. நான் படிக்கணும்.”

நோட்டை முழங்காலில் வைத்து, முதல் பத்தியில் அந்த நான்கு சொற்களையும் ஒவ்வோர் எழுத்தாக வரைந்தாள். அடுத்த பத்தியில், ‘தினமும் பால்கஞ்சி கொடு’ என்று எழுதினாள். அவரிடம் நீட்டினாள்.

அருளப்பன் படித்தார். விரலை மூன்றாவது பத்திக்கு நகர்த்தினார். “டிக்கு எங்க?”

ஆரோக்கியம்மாள் நோட்டைத் திரும்ப வாங்கினாள். பென்சில் முனையை நாக்கில் தொட்டு ஒரு டிக் போட்டாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அதன் பக்கத்திலேயே, அடுத்த தாளிலும் பதியும்படி அழுத்தி, இன்னொன்றும் போட்டாள்.