கார் வராத பதின்மூன்று மைல்

மே மாதத்தின் மூன்றாவது வெள்ளிக்கிழமை, மதியம் ஒன்றரை மணி. ஃப்ரீமாண்டில் எங்கள் வீட்டு கராஜிலிருந்து வண்டியை எடுத்தேன். பின்னால் ரேக்கில் இரண்டு சைக்கிள்கள், இரண்டும் வாடகை. கணவர் செல்வத்துக்கு நாளுக்கு அறுபது டாலரில் சாதாரண டூரிங் சைக்கிள். எனக்குத் தொண்ணூற்றைந்து டாலரில் பேட்டரி வைத்தது. மலையேற பேட்டரியா என்று சிரிப்பவர்கள் என் முட்டியை ஒரு நாள் இரவல் வாங்கிப் பார்க்கலாம்.

நாங்கள் போவது சியர்ரா நெவாடா மலைத்தொடரில் எபெட்ஸ் கணவாய்க்கு. உயரம் 8,730 அடி. அதைக் கடந்து போகிற நான்காம் எண் நெடுஞ்சாலையைக் குளிர்காலத்தில் பனி மூடிவிடும். வசந்தம் வந்ததும் பனியை அள்ளிச் சாலையைத் துடைத்துவிடுவார்கள். அதன் பிறகும் உருண்டு விழுந்த பாறை, உடைந்த ஓரம் எல்லாம் பார்த்து முடித்துக் கேட்டைத் திறக்கக் கொஞ்ச நாள் பிடிக்கும். அந்த நாட்களில் சாலை இருக்கும், கார் இருக்காது. சைக்கிள்காரர்கள் கேட்டின் ஓரமாகத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்துவிடுவார்கள். இதற்காகவே வருடம் முழுக்கக் காத்திருப்பவர்கள் உண்டு.

நான் காத்திருந்த காரணம் வேறு. பதினெட்டு மாதங்களுக்கு முன்னால் ஒரு மாலை, எங்கள் வீட்டிலிருந்து நாலு சிக்னல் தள்ளி, வலது பக்கம் திரும்பிய கார் ஒன்று செல்வத்தையும் சைக்கிளையும் சேர்த்து அடித்தது. தொடை எலும்பில் கம்பி வைத்தார்கள். நாலு மாதத்தில் நடந்தார். ஆனால் சைக்கிளைத் தொடவில்லை. கார் ஓட்டவும் பிடிக்கவில்லை என்றார். அன்றிலிருந்து காலையில் அவரை ஆபீசில் இறக்கிவிட்டு, சாயங்காலம் கூட்டிவருவது நான்தான். திருமணமான நாளிலிருந்து ஞாயிறுதோறும் சைக்கிளும் கையுமாகத் திரிந்த மனிதர் சோபாவில் போனோடு உட்கார்ந்திருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. கார் இல்லாத சாலையில் ஒரு தடவை ஏற்றிவிட்டால் பயம் தெளிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

மாலை 5.10, ஜாக்சன். ஆல்டமாண்ட் மேட்டில் வெள்ளிக்கிழமை டிராஃபிக் ஒரு மணி நேரத்தைத் தின்றுவிட்டது. ஸ்டாக்டனைத் தாண்டி 88-ஆம் எண் சாலையைப் பிடித்து இங்கே வந்தபோது கோபிசெட்டிபாளையத்திலிருந்து அத்தை கூப்பிட்டார். செல்வத்தின் அம்மா. அங்கே பொழுது விடியும் நேரம். செல்வம் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"சாமி, எங்க வெளிய கெளம்பிட்டீங்களாட்ட இருக்குது?"

"கடைக்கும்மா. சாமான் வாங்கணும்."

"பாத்ரூம்ல அந்த ரப்பர் மேட்டு போட்டீங்களா இல்லையா?"

"போட்டாச்சும்மா."

விபத்தைப் பற்றி ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லியிருந்தோம். சொன்னால் பயந்துகொள்வார்கள், பிளட் பிரஷர் ஏறும், இங்கிருந்து என்ன செய்ய முடியும் என்கிற வழக்கமான நியாயம்தான். அவர்களும் இளைத்தவர்கள் இல்லை. மாமாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனதே எங்களுக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். மேட் விசாரணை மட்டும் பதினெட்டு மாதமாக நிற்கவில்லை. எங்கள் பாத்ரூமில் இப்போது மூன்று மேட்டுகள்.

இரவு 7.30, மார்க்லிவில். ஃப்ரீமாண்டிலிருந்து சுமார் 180 மைல். ஊர் என்று சொல்வதற்கு ஒரு நீதிமன்றம், ஒரு கடை, இரண்டு சாப்பாட்டு இடங்கள். அறை 140 டாலர். சாவி கொடுத்த அம்மாளிடம் மலைச்சாலையில் வண்டி ஏதும் வருமா என்று மூன்று விதமாகக் கேட்டேன். பனி அள்ளுகிறவர்கள் வெள்ளியோடு போய்விடுவார்கள், சனிக்கிழமை சாலை முழுக்க உங்களுக்குத்தான் என்றார். செல்வம் பக்கத்தில் நின்று சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை, காலை 8.05. ஊருக்குத் தெற்கே ஐந்து மைல், 89-ஆம் எண் சாலையிலிருந்து நான்காம் எண் சாலை பிரிகிற இடம். 'சாலை மூடப்பட்டுள்ளது' என்ற பலகையோடு இரும்பு கேட். ஓரத்தில் ஏழெட்டுக் கார்கள் நின்றிருந்தன, ஆட்கள் முன்பே ஏறிவிட்டார்கள். எங்கள் பைகளில் எலுமிச்சைச் சாதம், தயிர்சாதம், ஊறுகாய், முறுக்கு, ஃபிளாஸ்கில் காபி. போகவர இருபத்தாறு மைலுக்கு நான் நாலு பேர் சாப்பாடு கட்டியிருந்தேன்.

முதல் மைலில் இடது பக்கம் கார்சன் ஆறு, உருகிய பனி முழுவதும் அதில்தான் வருகிறது. பிறகு சாலை ஆற்றை விட்டுவிட்டு சில்வர் க்ரீக் ஓடையைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. கொஞ்ச நேரத்தில் நடுக்கோடும் நின்றுபோய்விட்டது. ஒன்றரைக் கார் அகலம்தான் தார். டயர் சத்தம் தனியாகக் கேட்டது. கலிஃபோர்னியாவில் பதினோரு வருடமாக இருக்கிறேன், ஒரு நெடுஞ்சாலையின் நடுவில் நின்று தண்ணீர் குடித்தது அன்றைக்குத்தான். குடித்தபோது பின்னால் திரும்பிப் பார்த்தேன். பழக்கதோஷம்.

செல்வம் முன்னால், நான் பின்னால். அவர் நன்றாகவே ஓட்டினார். இது எனக்கு முதலில் சந்தோஷமாகவும், போகப்போகக் கொஞ்சம் சந்தேகமாகவும் இருந்தது. ஒன்றரை வருடம் சோபாவில் இருந்தவருக்கு இத்தனை மூச்சு எங்கிருந்து வந்தது?

11.20. கின்னி நீர்த்தேக்கத்துக்குக் கீழே கொண்டை ஊசி வளைவுகள். இருபக்கமும் இடுப்புயரத்துக்கு வெட்டிய பனிச்சுவர். அப்போது மேலிருந்து, வளைவைச் சுற்றிக்கொண்டு, ஆரஞ்சு விளக்கு சுழல ஒரு சாலைத்துறை டிரக் இறங்கியது.

"என்னங்க!" என்று கத்தியது நினைவிருக்கிறது. பிரேக்கை எந்தக் கையால் பிடித்தேன் என்று நினைவில்லை. சைக்கிளோடு பனிச்சுவரில் சாய்ந்து விழுந்தேன். முழங்கை சிராய்த்தது.

செல்வம் விழவில்லை. ஓரம் ஒதுங்கி ஒரு காலை ஊன்றி, போகலாம் என்று டிரக்குக்குக் கையைக் காட்டியபடி நின்றிருந்தார்.

டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு ஓடிவந்தார். இரவில் பாறை விழுந்ததாகத் தகவல், பார்க்க வந்தேன், இனி வேறு வண்டி இல்லை என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார். கீழே இறக்கிவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று செல்வம் சொன்னார். டிரக் நடை வேகத்தில் எங்களைத் தாண்டிப் போனது.

நான் எழுந்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். செல்வம் தார் ஓரத்தில் உட்கார்ந்து தயிர்சாத டப்பாவைத் திறந்து என் மடியில் வைத்தார்.

"வண்டி சத்தம் மேல ரெண்டு வளைவு முன்னயே கேட்டுச்சு கவி."

"அப்பறம் ஏன் சொல்லலீங்க?"

"சொன்னா நீ பயந்துக்குவே."

"நானா? பயம் உங்களுக்குத்தானே?"

அவர் முறுக்கை உடைத்தார். சாப்பிடவில்லை.

"எனக்கு இருந்துச்சு. போன தீவாளிக்கெல்லாம் போயிருச்சு. ஆபீஸ்ல கேம்பஸ் சைக்கிள் இருக்குதில்ல, லஞ்ச் டைம்ல எடுத்துட்டு டெய்லி ரோட்ல ஓட்டிட்டுத்தான் இருக்கேன்."

"கார் போற ரோட்லயா?"

"கார் போற ரோட்லதான்."

"அப்ப டெய்லி நான் டிராப் பண்றது?"

"நீ டிராப் பண்ணிட்டுத் திரும்பறப்ப உன் மூஞ்சி நிம்மதியா இருக்கும். ஆக்ஸிடெண்ட் ஆனப்பறம் நீ தூங்குனதே இல்ல. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டா எந்திரிச்சு என்னைத் தொட்டுப் பாப்பே. சரி, இப்படியே இருந்துட்டுப் போகுதுன்னு விட்டுட்டேன்."

எனக்கு வந்தது கோபம். தீபாவளிக்குப் பிறகும் ஆறு மாதமாகத் தினம் இரண்டு வேளை 880-ஆம் எண் நெடுஞ்சாலையில் நான் பட்ட பாடு கண்முன்னால் வந்தது. இந்தப் பயணத்துக்குத் திட்டம் போட்டு, சைக்கிள் தேடி, கேட் எப்போது திறக்கும் என்று தினமும் பார்த்துக்கொண்டிருந்தேனே, அதெல்லாம் யாருக்காக? கேட்டேன். "உனக்காகத்தான்" என்றார், ரொம்பச் சாதாரணமாக. "கார் இல்லாத ரோட்ல நான் ஓட்டறத நீ ஒரு தடவ பாத்துட்டா செரியாயிரும்னு நெனச்சேன்."

நான் அவரைப் பற்றிப் போட்ட கணக்கை, அவர் என்னைப் பற்றி வார்த்தை மாறாமல் போட்டிருக்கிறார். எட்டாயிரம் மைல் தள்ளியிருக்கும் அத்தையிடம் மறைத்தால் ஒரு அர்த்தமிருக்கிறது. ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறோம். தயிர்சாதத்தை முழுவதும் நானே சாப்பிட்டேன். கோபத்தில் எனக்குப் பசிக்கும்.

12.50, கணவாய் உச்சி. பெயர்ப்பலகையின் பாதி பனிக்குள் இருந்தது. காற்று காதை அறுத்தது. அங்கே இருந்த இரண்டு வயதான வெள்ளைக்காரர்களுக்கு எலுமிச்சைச் சாதம் கொடுத்தோம். ஒருவர் ஊறுகாயையும் கேட்டு வாங்கித் தைரியமாகச் சாப்பிட்டார். நான் செல்வத்தோடு பேசவில்லை. ஆனால் போட்டோவுக்குப் பக்கத்தில் நின்றேன்.

பிற்பகல் 2.30. இறங்குவதற்கு ஒரு மணி நேரம்தான் ஆனது. கேட்டின் மறுபக்கம் கார்கள் போய்க்கொண்டிருந்தன. இரண்டு மோட்டார் சைக்கிள், ஒரு படகை இழுத்துக்கொண்டு ஒரு பிக்கப். அரை நாள் கேட்காமலிருந்த சத்தம், எல்லாம் பெரிதாகக் கேட்டது. என் சைக்கிளை ரேக்கில் ஏற்றி முடித்த செல்வம், தன்னுடையதை ஏற்றாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மார்க்லிவில் வரைக்கும் நான் ஓட்டிட்டு வரட்டுமா? அஞ்சு மைல்தான்."

கேட்காமல் போயிருக்கலாம். அல்லது நாளைக்கு வழக்கம்போல் எனக்குத் தெரியாமல் ஓட்டிக்கொண்டிருக்கலாம். கேட்டார். வேண்டாம் என்று நான் சொன்னால் சரி என்று ஏற்றியிருப்பார், அதுவும் எனக்குத் தெரியும்.

"பின்னால லைட்டப் போட்டுக்குங்க" என்றேன்.

அவர் கிளம்பி பத்து நிமிடம் கழித்து நான் காரை எடுத்தேன். ஆற்றை ஒட்டிய நேர்சாலையில் அவரைப் பிடித்துவிட்டேன். சாலை ஓரத்து வெள்ளைக்கோட்டின் மேலேயே போய்க்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு உள்ளேயிருந்து பார்க்கும்போது அவர் முதுகு ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது. பதினைந்து மைல் வேகத்தில் அவருக்குப் பின்னாலேயே உருட்டினேன். எனக்குப் பின்னால் ஒரு கார் சேர்ந்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று. யாரும் ஹார்ன் அடிக்கவில்லை. மார்க்லிவில் வரைக்கும் இப்படியே காவல் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன்.

செல்வம் திரும்பிப் பார்க்காமல் இடது கையை நீட்டி, முன்னால் போ என்று அசைத்தார்.

எதிரே எதுவும் வரவில்லை. மஞ்சள் கோட்டைத் தாண்டி, எதிர்ப் பாதை முழுவதையும் எடுத்துக்கொண்டு, அவரைக் கடந்தேன். பக்கக் கண்ணாடியில் அவர் மிதித்துக்கொண்டிருந்தார். வளைவு வந்து மறைந்துபோனார். நான் காரை நிறுத்தவில்லை.