அண்ணனின் பதினோரு கலர் பிளேட்டுகள்

என் இடது காதைக் கொன்றவன் என் கூடப் பிறந்த அண்ணன் அற்புதராஜ். அவனை ‘அவர்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

காரைக்காலில் ஓர் அரசு ஆபீஸில் கிளார்க். தலத்தெருவில் வீடு. அவன் சேர்த்ததெல்லாம் ஒரே வகை கிராமபோன் பிளேட்டுகள். பாடுகிற குரலே இருக்காது. எலெக்ட்ரிக் கிதாரும் டிரம்ஸும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் அறுபதுகளின் ராக் இசை. அதிலும் கறுப்புப் பிளேட்டை அவன் கையால் தொடமாட்டான். சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று வெளிச்சம் ஊடுருவுகிற கலர் பிளேட்டுதான் வேண்டும். கம்பெனிக்காரன் அதைக் கொஞ்சமாகத்தான் அடிப்பானாம். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்த எங்கள் சித்தப்பா லீவில் வரும்போது பிளேட்டு இல்லாமல் வெறும் சென்ட் பாட்டிலோடு வந்தால் அவரிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டான்.

சிவப்புப் பிளேட்டு ஜப்பானிலிருந்து வந்தது. கப்பலில் வேலை பார்த்த காதர் பாட்சா கொண்டுவந்து கொடுத்தான். மறுநாள் மனசு மாறித் திருப்பிக் கேட்டான். பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேரும் கட்டிப் புரண்டார்கள். காதர் பாட்சாவுக்கு முன்பல் இரண்டு போயிற்று, இவனுக்குப் புருவம் கிழிந்தது. ரத்தம் ஒழுக வீட்டுக்கு வந்தவன், முகம் கழுவாமல் பிளேட்டைத்தான் முதலில் துடைத்தான். இப்படிப் பத்து வருசத்தில் பதினொன்று சேர்ந்தது.

நான் மைக் செட் போடுகிறவன். எழுபத்தொன்பது ஆகஸ்டில், காரைக்காலை ஒட்டிய தருமபுரத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை பிரான்சிலிருந்து வந்தவர்.

“தம்பி, பாட்டில்லாம கிதாரு மட்டும் வாசிக்கிற பிளேட்டு ஏதும் இருக்கா?” என்றார்.

இருக்கிறது என்று என் நாக்கு முந்திக்கொண்டது. அண்ணன் ஆபீஸுக்குப் போயிருந்தான். சிவப்புப் பிளேட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பந்தலில் ஆட்டம் போட்டவர்கள் குதித்த குதியில் மேஜை ஆடி, முள் தாவியது. எந்த மைக் செட்காரனும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பிளேயரில் முள் மாட்டிய கையின் தலையில் ஒரு நாலணாவை வைத்தேன். கனம் ஏறினால் முள் தாவாது. சினிமாப் பிளேட்டு தேய்ந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம். இது தேய்ந்தால் என்ன ஆகும் என்று என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. குழாய் ஸ்பீக்கரைத் தென்னை மரத்து உச்சியில் கட்டியிருக்கிறோமே என்பதும் உறைக்கவில்லை. தன் பிளேட்டின் சத்தத்தை ஆபீஸ் ஜன்னல் வழியாக அவன் கேட்டிருக்கிறான்.

சைக்கிளை நடுரோட்டிலேயே போட்டுவிட்டு உள்ளே வந்தான். நாலணாவைப் பார்த்தான். பிளேட்டைத் தூக்கி வெயிலில் பிடித்தான். சிவப்பில் வெள்ளை வெள்ளையாகக் கீறல் வளையம்.

“எவன்டா காசு வெச்சது?”

“முள்ளு தாவுச்சுண்ணே...”

மைக் ஸ்டாண்டைத் தலைகீழாகப் பிடித்து, அதன் இரும்பு அடித்தட்டால் அடித்தான். முதல் அடி தோளில். அடுத்தது தாடையில். மூன்றாவது இடது காதில். உள்ளே ஒரு விசில் சத்தம் கேட்டது, அப்புறம் ஒன்றுமே இல்லை. சட்டைக் காலருக்குள் சூடாக ரத்தம் இறங்கியது. கல்யாண வீட்டார் அவன்மேல் பாய்ந்து, மூங்கிலைப் பிடுங்கி வெளுத்தார்கள். விலா எலும்பு இரண்டு முறிந்தது. அத்தனை அடிக்கும் பிளேட்டை நெஞ்சோடு அணைத்துக் குப்புறக் கிடந்தான். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அந்தக் காது இனிக் கேட்காது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கட்டிலில் கிடந்தபடியே சபதம் செய்தேன்: பதினோரு பிளேட்டையும் அவன் வீட்டிலேயே வைத்து உடைப்பேன். அதோடு எங்களுக்குள் பேச்சு நின்றது. ஒரே தெரு, ஒரே கோயில், ஐந்து வருசம்.

எண்பத்து நாலில் ஒரு நாள், பேசி முடித்திருந்த கல்யாண வேலை ஒன்றை ஒருவர் ரத்து செய்தார். “ஒத்தக் காத வெச்சுக்கிட்டு ஒனக்கெதுக்குப்பா மைக் செட்டு?” என்று சிரித்தார். எனக்குத் தலை கொதித்தது. சுத்தியலை எடுத்துக்கொண்டு நேரே அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவன் ஆபீஸில் இருந்தான். அண்ணி ஞானமேரி மீன் வாங்கப் போயிருந்தார். கதவு சும்மா சாத்தியிருந்தது.

அறையில் ஒரு நாற்காலி. இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் அதன் வலப்பக்கமே இருந்தன. பெட்டி வைக்கக்கூடத் தெரியாத மடையன் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அடித்தேன். நீலம் இரண்டாகப் பிளந்தது. மஞ்சள் வளைந்து வளைந்து சாகாமல் கிடந்ததால் முழங்காலில் வைத்து முறித்தேன். பச்சை உடைந்து கையைக் கிழித்தது. கிழியட்டும் என்று அடித்தேன். கீறல் விழுந்த சிவப்பைக் கடைசியாக வைத்துக்கொண்டு நாலு அடி கூடவே அடித்தேன். சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

வாசலில் அண்ணி மீன் பையோடு நின்றார்.

“ஐயோ தம்பி, என்ன காரியம் பண்ணிட்டீங்க! அஞ்சு வருசமா இடது காதுல பஞ்ச அடைச்சுக்கிட்டுத்தான் கேக்குறாரு. இந்தப் பெட்டியில ஒரு கிதாரு, அந்தப் பெட்டியில ஒரு கிதாரு வருமாம். ஒங்க ஒத்தக் காதுக்கு ரெண்டும் முழுசா விழணும்னு பெட்டிய மாத்தி மாத்தி வெச்சுப் பாத்தாரு. இப்பதான் சரியா அமைஞ்சுச்சு, ஞாயித்துக்கெழம தம்பியக் கூட்டியாந்து ஒக்கார வைக்கிறேன்னாரு.”

நாற்காலிக்கு அடியில் பஞ்சு டப்பா இருந்தது. அதுவரை அது என் கண்ணில் படவில்லை.

அண்ணன் சாயங்காலம் வந்தான். நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். சுத்தியலை நீட்டினேன்.

“அடிண்ணே. இன்னொரு காது இருக்கு.”

சுத்தியலை வாங்கித் தரையில் வைத்தான். கலர் கலராகக் கிடந்த துண்டுகளுக்கு நடுவே மண்டியிட்டு, டப்பாவிலிருந்து பஞ்சை எடுத்து என் உள்ளங்கைக் காயத்தில் வைத்து அழுத்தினான். குனிந்தபடியே ஏதோ சொன்னான். என் இடப்பக்கம் இருந்தான், எனக்குக் கேட்கவில்லை. என்ன சொன்னாய் என்று கேட்க அன்றைக்கு வாய் வரவில்லை. எண்பத்தெட்டில் மஞ்சள்காமாலையில் அவர் போய்ச் சேரும்வரை நான் கேட்கவே இல்லை.